கண்டிச்சீமையின் அழுகைப் பாட்டு

ஒப்பாரி என்பது இறந்தவரைச் சொல்லிச் சொல்லி அழும் பாட்டு. கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, மடுல்கலை என்று மலைக்கு மலை, இழவு வீட்டுச் சடங்கோடு அது நின்றுவிடவில்லை. ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, வழியில் யாரைப் பறிகொடுத்தது, யார் யாரை விட்டுப் பிரிந்தது என்பதையெல்லாம் பிள்ளைகள் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அந்த அழுகையிலிருந்துதான். எழுதப் படிக்க வழியில்லாதிருந்த, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் கூத்துமே சிறுவர்களின் முதல் இலக்கியம். குடும்பப் பாசம், இழப்பின் துயரம், இசையின் மேல் உள்ள பிரியம் ஆகிய மூன்றையும் ஒரே கதையில் சேர்த்துச் சொல்ல இன்றைய சிறுவர் நாவல்கள் முயல்கின்றன. அந்த வேலையைத் தோட்டத்துப் பாட்டிமார் எப்போதோ தொடங்கிவிட்டார்கள்.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் கம்பளைக்கு அருகில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் போட்டார். கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டபோது திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம் போன்ற பகுதிகளிலிருந்து மக்கள், ஆள் சேர்த்த கங்காணிமாரோடு கடல் கடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். பசி, காலரா, காய்ச்சல், காட்டு விலங்கு என்று வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்களுக்குக் குழி தோண்டவும் கூட்டத்துக்கு நேரம் இருக்கவில்லை. தலைமன்னாருக்கு ரயில் பாதை வந்தது 1914இல்தான். அதற்கு முன் பல தலைமுறை அந்த வழியில் நடந்திருக்கிறது. இன்று மலையகம் எனப்படும் இந்த மலைநாட்டைத்தான் ஊரில் இருந்தவர்கள் கண்டிச்சீமை என்றார்கள். கண்டிக்குப் போகிறான் என்றால் கோப்பிக் காட்டுக்குப் போகிறான் என்று பொருள். கோப்பியின் இடத்துக்குத் தேயிலை பிறகுதான் வந்தது.

வழியில் விழுந்தவருக்குச் சடங்கு இல்லை, கல்லும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது பாட்டு மட்டுமே. பிழைத்து வந்த மனைவியோ மகளோ பிறகு வேறு யாருடைய இழவிலாவது உட்கார்ந்து அழும்போது, அங்கே கிடத்தியிருக்கும் பிணத்தோடு சேர்த்துக் காட்டில் விட்டுவந்த தன் ஆளையும் சொல்லி அழுவாள். ஒப்பாரியின் பெரிய இயல்பு இது. ஒரு சாவு பல சாவுகளுக்கு வாய் கொடுக்கிறது. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தியும் தன் சொந்த இழப்பைத்தான் பாடுகிறாள், அதை யாரும் குறையாக நினைப்பதும் இல்லை.

ஒப்பு வைத்து அழும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக் கட்டிக்கொள்வார்கள். உடம்பு முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம்தான் தாளம். கை தேர்ந்த ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுத்து முடிப்பார்கள். முதலில் இறந்தவரை உறவு சொல்லி அழைப்பது, பெற்ற அப்பா, கூடப் பிறந்த அண்ணன், கொண்ட மன்னன் என்று. அடுத்து அவருடைய பெருமை: பொன், முத்து, சந்தனம், பட்டு, அரண்மனை. அதற்கடுத்த அடியில் அந்தப் பெருமையெல்லாம் சரிந்து, பாடுகிறவளின் இன்றைய நிலை வந்து நிற்கும். அடியின் கடைசிச் சொல் விம்மலாக நீண்டு, மூச்சு முட்டும் இடத்தில் அடுத்த அடி பிறக்கும். லயத்தின் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் வாழ்ந்த மனிதனை அரண்மனைக்காரனாகப் பாடுவது பொய் இல்லை. உயிரோடு இருந்தபோது யாரும் தராத மரியாதையை அவனுடைய சனம் கடைசியாகக் கொடுத்து அனுப்புகிறது.

இப்படி அழுகையைக் கலையாக்கிய மக்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள். அயர்லாந்தின் கிராமங்களிலும், பின்லாந்து ரஷ்ய எல்லையில் உள்ள கரேலியாவிலும் பெண்கள் பிணத்தின் அருகே நின்று பாடியிருக்கிறார்கள். கண்டியில் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. தோட்டத்தின் எல்லையைத் தாண்டினால் வரும் சிங்களக் கிராமங்களின் சாவு வீடுகளில் யசோதராவத பாடும் வழக்கம் இருந்தது. சித்தார்த்தன் நள்ளிரவில் வீட்டைவிட்டுப் போனபின் யசோதரை அழும் அழுகை அது. வெஸ்ஸந்தர ஜாதகக் கவிகளும் அப்படியே. பிள்ளைகளைத் தானமாகக் கொடுத்துவிட்ட தகப்பனையும், காட்டிலிருந்து திரும்பிவந்து பிள்ளைகளைத் தேடும் தாயையும் பற்றிய கதை. மொழியும் மதமும் வேறானாலும், பிரிந்தவரை நினைத்து அழும் பெண்ணின் குரலைத்தான் இரண்டு பக்கத்தாரும் துக்க இரவுக்குத் தேர்ந்துகொண்டிருக்கிறார்கள். இந்த ஒற்றுமையைப் பற்றி நம் பள்ளிக்கூடங்களில் இன்னும் கொஞ்சம் பேசலாம்.

ஒப்பாரிக்கு எதிர்முனை தாலாட்டு என்று தோன்றும். கட்டமைப்பைப் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை. இரண்டிலும் உறவு சொல்லி அழைப்பது உண்டு, இல்லாத செல்வத்தை இருப்பதாகச் சொல்லிப் பெருமைப்படுத்துவது உண்டு, இரண்டையும் பாடுவது பெண்கள். தோட்டத்தில் பிள்ளைக்குத் தொட்டில் என்றால் பழைய சேலை. அதைக் காம்பராவின் உத்தரத்தில் கட்டுவார்கள், வேலை நேரமானால் மலையில் மரக்கிளையில் கட்டுவார்கள். பிறகு பிள்ளைக் காம்பரா வந்தது. தாய், கொழுந்தெடுக்கும் மட்டம் பார்க்கும் மட்டக்குச்சியும் கூடையுமாக மலையேறிவிட, பிள்ளையை ஆயா பார்த்துக்கொள்வாள். தாலாட்டில் வரும் தாய்மாமன் பொன் காப்பும் வெள்ளிச் சங்கும் கொண்டுவருவான். பாடுகிறவளின் அண்ணன் கடலுக்கு அப்பால் இருந்தால், அந்த வரிசைச் சாமான் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் பாடினாள். பிள்ளைக்குத் தனக்கொரு மாமன் இருக்கிறான் என்ற சேதி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

பெண்களின் குரலுக்குத் துணையாக ஆண்களின் கையில் இருந்தது தப்பு. மரத்துண்டுகளை வளைய வடிவில் இணைத்து, அதன் மேல் கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிச் செய்யும் வாத்தியம். மலைநாட்டு ஈரத்தில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். அதனால் அடிக்குமுன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தித் தீயில் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘கண்’ணென்று ஒலி வந்த பிறகே தோளில் மாட்டுவார்கள். ஒரு கையில் மெல்லிய நீளமான சிம்புக்குச்சி, மறு கையில் கட்டையான அடிக்குச்சி. கலியாணத்துக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. தூரத்து லயத்தில் இருப்பவர் சத்தத்தைக் கேட்டே என்ன காரியம் என்று சொல்லிவிடுவார்.

அதே தப்புதான் இருட்டு விலகும் முன்பே தொழிலாளரை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு எழுப்பியதும். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1950களில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற நெடுங்கவிதை அந்த விடியற்காலைத் தப்பொலியோடுதான் தொடங்குகிறது. அதைச் சக்தி பால ஐயா தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தந்தார். வேலைக்கு எழுப்பியதும், திருவிழாவில் ஆடவைத்ததும், சுடுகாட்டுக்கு வழியனுப்பியதும் ஒரே வாத்தியம் என்பது தோட்ட வாழ்க்கையைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதவேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. இதில் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. தப்படிப்பது நெடுங்காலம் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட கடமையாக இருந்தது. அந்த இழிவு வேண்டாம் என்று தப்பைக் கீழே வைத்த இளைஞர்களின் நியாயம் சரியானது. இன்று அதையே மலையக அடையாளம் என்று மேடையில் அடிப்பவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது மரியாதை.

இந்தத் துயரக் கதைகளில் பிள்ளைகளுக்கு மிகவும் நெருக்கமானது காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமியை ஒட்டிய தகன நாள் வரை தோட்டமே அரங்கம். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் சற்று மாறும், பாட்டும் மாறும். ரதிக்கும் மன்மதனுக்கும் கலியாணம் ஆகிறது. தவத்தில் இருக்கும் சிவனை எழுப்ப மன்மதனைத் தேவர்கள் அனுப்புகிறார்கள். ரதி கெட்ட கனவு கண்டு, போகவேண்டாம் என்று மறிக்கிறாள். அவன் கடமை என்று போகிறான், நெற்றிக்கண்ணில் சாம்பலாகிறான். ரதி அழுகிறாள். அந்த அழுகையில் சிவன் மனமிரங்கி, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மன்மதனுக்கு உயிர் கொடுக்கிறார்.

ரதி வேடமும் ஆண்தான் கட்டுவார். வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். கூத்து ஓரிடத்தில் நிற்காமல் தப்போடு லயம் லயமாகப் போகும். ரதியும் மன்மதனும் வாசலுக்கு வரும்போது வீட்டுக்காரர்கள் கலியாண வீட்டுக்காரர்கள் போல நடந்துகொள்வார்கள். தகன இரவில் சிவனின் உக்கிர வடிவான வீரபத்திரன் ஆடிவரும்போது சிறுவர்கள் பயந்து தாயின் முந்தானைக்குள் ஒளிவார்கள், ஆனாலும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். பிறகு ரதி புலம்பல். பகலில் மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் அதைக் கேட்டு உண்மையாகவே அழுவார்கள். வேலைக்கென்று போன புருசன் திரும்பாத கதை அவர்களுக்குப் புராணம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அம்மா அழுவதைப் பார்த்து, ஏன் அழுகிறாய் என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு அம்மா சொல்லும் பதிலில்தான் குடும்பத்தின் கதை வெளியே வரும்.

பொன்னர் சங்கர் கூத்தும் இப்படியே. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை. வீரப்பூர்க் களத்தில் அண்ணன்மார் இருவரும் மாண்டுவிட, தங்கை அவர்களைத் தேடிப் போகிறாள். தோட்டங்களில் இதன் உச்சக் காட்சி படுகளம். வேடம் கட்டியவர்கள் பிணமாகக் கிடக்க, தங்கையான தங்காள் ஒவ்வொருவராகப் பார்த்துப் புலம்பி, தீர்த்தம் தெளித்து எழுப்புகிறாள். சிறுவர்களுக்கு இதைவிடப் பெரிய கதை கிடையாது. இரண்டு வீரர்கள், ஒரு பன்றி வேட்டை, ஒரு துரோகம், கடைசியில் எல்லாரையும் எழுப்பும் ஒரு தங்கை. அருச்சுனன் தபசுக் கூத்துக்கும் மலையகத்தில் இதேபோல இடம் உண்டு. அங்கே உயர்ந்த கம்பத்தில் ஏறும் காட்சிதான் பெரிது, துக்கம் அவ்வளவு இல்லை.

ஆனால் கண்டிச்சீமையின் மிகக் கொடிய ஒப்பாரி செத்தவருக்காகப் பாடப்பட்டதல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். கணக்கில் இருந்தது 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவு. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பேச்சு மேசையில் இது எண். லயத்தில் இது அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை.

இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலைநாட்டு ஸ்டேசன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. ஒப்பாரிக் கோச்சி என்றும் சொன்னார்கள். தகரப் பெட்டியும் துணி மூட்டையும் ஏற்றியாகிவிட்ட பிறகு, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருப்பவளும் வெளியே நிற்பவளும் ஒப்பு வைத்து அழுதார்கள். இழவு வீட்டில் பிணத்துக்குச் சொல்லும் அதே வார்த்தை, அதே இழுப்பு. திரும்பப் பார்க்கமுடியாது என்பது இரு பக்கமும் தெரிந்திருந்ததால், உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைக்கக்கூடாது என்ற வழக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை. போனவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பலர் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூடை தூக்கினார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இன்றும் கண்டிக்காரர் என்று பெயர் சொல்லும் குடும்பங்கள் உண்டு. பேத்திக்குக் கண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் பாட்டியின் பாட்டில் அந்த ஊர் இருக்கிறது.

அழுகை எப்போதும் அழுகையாகவே நின்றுவிடவும் இல்லை. தோட்டத் தொழிற்சங்கத்தின் முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தாமே பாடினார். தோட்ட மக்களின் துன்பத்தை அவர்களுக்குப் பழகிய மெட்டுகளில் அமைத்து, 1940இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். ஒப்பாரியில் விதியை நொந்த அதே அடிகள் அங்கே சட்டத்தையும் தோட்டத் துரையையும் கேள்வி கேட்டன.

இந்தப் பாட்டுகளைக் காகிதத்தில் ஏற்றியதில் சி. வி. வேலுப்பிள்ளைக்கே முதல் மரியாதை. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலை உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றவர். தம் மக்களின் வாக்குரிமை பறிபோனதைக் கண்ணெதிரே பார்த்தவர். தோட்டம் தோட்டமாகப் போய் அவர் கேட்டுத் திரட்டிய பாடல்கள் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற பெயரில் 1983இல் நூலாயின. மறு வருடம் அவர் காலமானார். அவர் வழியில் சாரல்நாடன் மலையக வாய்மொழி இலக்கியத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார். கம்பளைக்கு அருகில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயன் காம்பராக்களையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். கண்டியில் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் பள்ளிக்கூடங்கள் ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைக் காட்டுகின்றன. இயந்திரத்துக்குக் கொழுந்து கொண்டுவந்தவர்களின் வாழ்க்கையைப் பார்க்கக் கம்பளைக்கும் ஒரு நடை போகவேண்டும்.

மலையகச் சிறுகதையும் நாவலும் வளர்ந்த அளவுக்குச் சிறுவருக்கான நீள்கதை வளரவில்லை. சரக்கு இல்லாமல் இல்லை. படுகளத்தில் அண்ணன்மாரைத் தேடும் தங்கையும், கோச்சி சன்னலில் பிரிந்த அக்கா தம்பியும், ஈரத்தில் தொய்ந்த தப்பைத் தீயில் காய்ச்சும் தாத்தாவும் எந்தச் சிறுவர் நாவலுக்கும் போதுமானவர்கள். சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசக்கூடாது என்ற தயக்கம் நகரத்து நடுத்தர வீடுகளின் தயக்கம். லயத்துப் பிள்ளைகள் சாவைப் பார்த்தே வளர்ந்தார்கள். பெரியவர்கள் பாட்டோடு சேர்த்துக் காட்டியதால் அந்தப் பார்வை அவர்களை உடைத்துவிடவில்லை.

இன்றைய நிலை வேகமாக மாறுகிறது. சாவு வீட்டில் ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு போடுகிறார்கள். ஒப்பு வைத்து அழுவது பழைய பழக்கம் என்று படித்த இளம் பெண்கள் வெட்கப்படுகிறார்கள். கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குப் போனவர்களுக்குப் பாட்டைக் கற்றுக்கொள்ள நேரமும் இல்லை. மறுபக்கம், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதன் நினைவாக 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், முன்னோர் நடந்த அதே வழியில் ஆகஸ்டில் மாத்தளை வந்து சேர்ந்தது. அந்த நடைக்குப் பிறகு பல குடும்பங்கள் தங்கள் பாட்டன் பூட்டன் கதையைத் தேடத் தொடங்கியிருக்கின்றன.

தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாவு இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவதை அமங்கலம் என்று வயதான பெண்கள் நினைப்பார்கள். கட்டாயப்படுத்தக்கூடாது. வீட்டைவிட்டு வெளியே, மலையில் சாப்பாட்டு நேரத்தில், ஆற்றங்கரையில் கேட்டால் பாடுவார்கள். ஒலிப்பதிவு செய்ய இன்று ஒரு கைபேசி போதும். பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வராமல், பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், யாரிடம் கற்றார், யாரை நினைத்துப் பாடினார் என்பதையும் அவருடைய சம்மதத்தோடு எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். இதைத் தமிழ் ஆசிரியர்கள் விடுமுறை வேலையாகக் கொடுத்தால், ஒரே வருடத்தில் கண்டி மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகளிலிருந்து ஒரு பெரிய தொகுப்பு வந்து சேரும்.